பேட்டன் கைமாறும் இடம்: அலிசன் ஃபீலிக்ஸை வைத்து ரிலே ஓட்டத்தைப் புரிந்துகொள்வோம்

அமெரிக்காவின் அலிசன் ஃபீலிக்ஸ் ஒலிம்பிக்கில் வாங்கிய தங்கம் ஏழு. அதில் தனியாக ஓடி வாங்கியது ஒன்றுதான், 2012 லண்டனில் 200 மீட்டர் ஓட்டத்தில். மீதி ஆறும் ரிலேயில் வந்தவை. உலக சாம்பியன்ஷிப்பிலும் இதே கதைதான்: 14 தங்கத்தில் பத்து ரிலே.

இந்தக் கணக்கைக் கேட்டதும் சிலர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். "ரிலேதானா, நாலு பேர் பங்கு போட்டுக்கொண்ட பதக்கம்தானே" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ரிலே எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த ஓட்டங்களைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றாது என்று நம்புகிறேன். அதற்குத்தான் இந்தக் கட்டுரை. தடகளம் பற்றி எதுவும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

பெரிய போட்டிகளில் பெண்களுக்கு முக்கியமாக இரண்டு ரிலே உண்டு. ஒன்று 4x100: நான்கு பேர், ஆளுக்கு ஏறத்தாழ 100 மீட்டர், மொத்தம் மைதானத்தை ஒரு சுற்று. இன்னொன்று 4x400: நான்கு பேர், ஆளுக்கு ஒரு முழுச் சுற்று. இவை தவிர இரண்டு ஆண், இரண்டு பெண் சேர்ந்து ஓடும் கலப்பு 4x400 இப்போது வந்திருக்கிறது. ஓடுபவர்கள் கையில் ஒரு பேட்டன் இருக்கும். உள்ளே கூடாக இருக்கும் வழுவழுப்பான குழல். நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், எடை குறைந்தது 50 கிராம். இவ்வளவு சின்னப் பொருள்தான், ஆனால் போட்டியில் நேரம் கணக்கிடப்படுவது இதற்குத்தான். ஓடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை முழுதாகப் போவது பேட்டன் மட்டும்தான். அது எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை என்றால், நான்கு பேரும் எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும் அந்த அணிக்கு நேரமே கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பெண்கள் 100 மீட்டர் உலக சாதனை 10.49 விநாடி, ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988-இல் ஓடியது. அதே வேகத்தில் ஓடக்கூடிய நான்கு பேரை நிறுத்தி, ஒவ்வொருவரின் நேரத்தையும் கூட்டினால் 41.96 விநாடி வருகிறது. ஆனால் 2012 லண்டனில் ஃபீலிக்ஸ் இருந்த அணி 4x100-ஐ ஓடி முடித்த நேரம் 40.82 விநாடி. நான்கு உலக சாதனைகளின் கூட்டுத்தொகையைவிட ஒரு விநாடிக்கு மேல் குறைவு! அந்த நால்வரில் ஒருவர்கூட 10.49 ஓடியவர் இல்லை. பிறகு எப்படி?

100 மீட்டர் ஓட்டத்தில் அதிக நேரம் செலவாவது ஆரம்பத்தில்தான். துப்பாக்கிச் சத்தம் கேட்டு, உடம்பு நிமிர்ந்து, சும்மா இருந்த நிலையிலிருந்து முழு வேகத்துக்குப் போக ஐம்பது, அறுபது மீட்டர் ஆகிவிடும். ரிலேயில் இந்தச் செலவு முதல் ஆளுக்கு மட்டும்தான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆட்கள் பேட்டன் கைக்கு வரும் முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். பேட்டனின் பார்வையில் பார்த்தால், அது ஒரு வேகமான கையிலிருந்து இன்னொரு வேகமான கைக்குத் தாவுகிறது, நடுவில் நிற்பதே இல்லை. இருவரும் கையை நீட்டித்தான் பரிமாறுகிறார்கள் என்பதால், அந்த இரண்டு கைகளின் நீளத்துக்கு யாரும் ஓடாமலேயே பேட்டன் முன்னே போய்விடுகிறது.

பள்ளி விளையாட்டு விழா ரிலே ஞாபகம் இருக்கிறதா? அடுத்து ஓட வேண்டியவள் திரும்பி நின்று, கையை நீட்டி, "சீக்கிரம் வா, சீக்கிரம் வா" என்று கத்துவாள். பேட்டன் கையில் வந்த பிறகுதான் திரும்பி ஓடத் தொடங்குவாள். நல்ல ஓட்டக்காரிகள் நால்வர் இருக்கும் அணிகூட அப்படித்தான் தோற்றுப்போகும். உலகத்தரத்து 4x100-இல் வாங்குகிறவர் திரும்பியே பார்ப்பதில்லை.

பிறகு எப்போது ஓடத் தொடங்குவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பந்தயத்துக்கு முன் ஒவ்வொருவரும் தான் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கிப் பாதத்தோடு பாதம் ஒட்டிவைத்து, இத்தனை அடி என்று எண்ணி, தரையில் ஒரு டேப் ஒட்டுகிறார். வருகிறவர் அந்த டேப்பைத் தாண்டும் கணத்தில் இவர் கிளம்புகிறார், முழு வேகத்தில், முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு. பின்னால் வருகிறவர் நெருங்கியதும் ஒரு சொல் கத்துவார். அமெரிக்க அணியினர் பெரும்பாலும் "ஸ்டிக்" என்பார்கள். உடனே முன்னால் ஓடுகிறவரின் கை பின்னால் நீள வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும். பேட்டன் அதில் வந்து அழுந்தும்.

இதையெல்லாம் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் முடிக்க வேண்டும். இப்போதைய விதிப்படி அது 30 மீட்டர். ஃபீலிக்ஸ் 4x100-இல் ஓடிய பெரும்பாலான காலத்தில் பரிமாற்றப் பகுதி 20 மீட்டர்தான். அதற்கு முன்னால் இருந்த 10 மீட்டரில் வேகம் எடுக்கலாம், ஆனால் அங்கே பேட்டனை வாங்கக் கூடாது. பேட்டன் அந்தப் பகுதிக்கு வெளியே கைமாறினால் அணி நீக்கப்படும். கவனியுங்கள், ஆள் எங்கே இருக்கிறார் என்பது கணக்கே இல்லை, பேட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான். முன்னால் இருப்பவர் சற்று முந்திக் கிளம்பிவிட்டால் பின்னால் வருகிறவர் எட்டிப்பிடிக்க முடியாது, பகுதி முடிந்துவிடும். சற்றுப் பிந்திக் கிளம்பினால் இருவரும் மோதிக்கொள்வார்கள், வேகம் செத்துவிடும். நல்ல வேகத்தில் ஒரு விநாடிக்குப் பத்து மீட்டர் போகிறார்கள். பத்தில் ஒரு விநாடி பிசகினால் ஒரு மீட்டர் போச்சு.

அப்புறம் எந்தக் கை என்ற விஷயம். முதல் ஆளும் மூன்றாவது ஆளும் வளைவில் ஓடுகிறார்கள். அவர்கள் பேட்டனை வலது கையில் பிடித்தால் லேனின் உள்கோட்டை ஒட்டி ஓடலாம், இடது கையில் வாங்கும் ஆள் லேனின் வெளிப்பக்கம் நிற்பார். இப்படி வலது, இடது, வலது, இடது என்று போகும். யாரும் நடுவில் கை மாற்றிப் பிடிப்பதில்லை. ஃபீலிக்ஸ் லண்டனிலும் ரியோவிலும் 4x100-இல் இரண்டாவது ஆள், அதாவது எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் ஓடுகிறவர். இவர் பேட்டனை வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். வாங்கும் இடத்தின் தொடக்கத்திலேயே வாங்கி, கொடுக்கும் இடத்தின் முடிவில் கொடுத்தால் 100 மீட்டரைவிட நன்றாகவே கூடுதலாக ஓடவேண்டி வரும். 200 மீட்டரில் தேர்ந்த, முழு வேகத்தை நீண்ட நேரம் இழக்காத ஒருவரை அங்கே நிறுத்துவது சரியான யோசனை. ஃபீலிக்ஸ் அப்படிப்பட்டவர்தான். 18 வயதில் 2004 ஏதென்ஸில் 200 மீட்டரில் வெள்ளி வாங்கியவர்.

அமெரிக்கப் பெண்களிடம் வேகத்துக்கு எப்போதும் பஞ்சமில்லை. பேட்டன்தான் பிரச்சினை. 2004 ஏதென்ஸ் இறுதிப்போட்டியில் மேரியன் ஜோன்ஸ், லாரின் வில்லியம்ஸுக்குக் கொடுக்கும்போது பகுதி தாண்டிப் போய்விட்டது. 2008 பெய்ஜிங்கில் டோரி எட்வர்ட்ஸ் கொடுக்க, அதே லாரின் வில்லியம்ஸ் வாங்க, பேட்டன் கீழே விழுந்தது, இறுதிப்போட்டிக்கே போகவில்லை. 1996-க்குப் பிறகு அவர்கள் ஒலிம்பிக் 4x100 தங்கத்தைத் தொடவே இல்லை. லண்டனுக்கு வந்தபோது இந்தச் சுமையும் சேர்ந்தே வந்தது.

அங்கே ஓடியவர்கள் டியானா மேடிசன், ஃபீலிக்ஸ், பியான்கா நைட், கார்மெலிட்டா ஜீட்டர். மூன்று பரிமாற்றமும் சுத்தம். கடைசியில் ஜீட்டர் எல்லைக்கோட்டைத் தாண்டும்போதே இடது கையில் இருந்த பேட்டனை மைதானக் கடிகாரத்தை நோக்கி நீட்டினார். அவர் பார்த்தது 40.82. அதற்கு முன்பு இருந்த உலக சாதனை 41.37, கிழக்கு ஜெர்மனி அணி 1985 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் படைத்தது. அந்தச் சாதனைக்கு அடுத்த மாதம்தான் ஃபீலிக்ஸ் பிறந்தார். கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமல் போன பிறகும் நின்ற சாதனை அது.

ரிலே என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், லண்டனைவிட ரியோவைத்தான் முதலில் காட்டுவேன். 2016 ஆகஸ்ட் 18, தகுதிச் சுற்று. ஃபீலிக்ஸ் நேர்ப்பாதையில் ஓடி, மூன்றாவது ஆளான இங்கிலிஷ் கார்ட்னரை நெருங்கினார். கையை நீட்டும் நேரத்தில் பக்கத்து லேனில் இருந்த பிரேசில் வீராங்கனை அவரை இடித்துவிட்டார். நிலை தடுமாறிய ஃபீலிக்ஸ் எப்படியாவது பேட்டனைக் கொடுக்கப் பார்த்தார். அது கார்ட்னர் கைக்குப் போகாமல் காற்றில் பறந்து தரையில் விழுந்தது. மற்ற அணிகள் போய்விட்டன. அடுத்த வருடங்கள் எல்லாம் இந்த ஒரு காட்சியைப் பேசியே தீர வேண்டும் என்ற நிலை.

அந்தக் குழப்பத்தில் ஃபீலிக்ஸுக்கு ஒன்று தோன்றியது. ஓட்டத்தை முடித்தால்தான் முறையீட்டுக்கு இடம் இருக்கும். பேட்டனை எடுத்துக்கொண்டு ஓடி முடிக்க வேண்டும் என்று கார்ட்னரிடம் வலியுறுத்தினார். ஸ்டேடியமே பார்த்துக்கொண்டிருக்க, ஜெயிக்க வழியே இல்லாத ஓட்டத்தை அந்த அணி கடைசி வரை ஓடி முடித்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது சம்பிரதாயம் போலத் தெரிந்திருக்கும்.

முறையீடு ஏற்கப்பட்டது. பிரேசில் நீக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு அன்று மாலை மறுபடி ஓட வாய்ப்பு கிடைத்தது, ஆனால் தனியாக. எட்டாவது இடத்தில் இருந்த சீன அணியின் 42.70 விநாடியைவிட வேகமாக ஓடினால்தான் இறுதிப்போட்டி. ஒரே ஒரு அணி, மற்ற லேன்கள் எல்லாம் காலி. துரத்துவதற்கு யாரும் இல்லை, துரத்தி வருபவரும் இல்லை. இன்னொரு தடவை பேட்டன் விழுந்தால் சாக்குச் சொல்லவும் ஆள் கிடையாது. நால்வரும் ஓடிய நேரம் 41.77. தகுதிச் சுற்றிலேயே அதுதான் வேகமானது. சீனா வெளியேற நேர்ந்தது. அந்தப் பெண்களுக்கு அது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

மறுநாள் இறுதிப்போட்டியில் அமெரிக்காவுக்குக் கிடைத்தது முதல் லேன். உள்ளே இருக்கும் லேன் என்பதால் வளைவு இறுக்கமாக இருக்கும், வேகமாக ஓடுகிறவர்களுக்குப் பிடிக்காத இடம். டியானா பார்ட்டோலெட்டா (லண்டனில் ஓடிய அதே டியானா மேடிசன்தான், திருமணத்துக்குப் பின் பெயர் மாறியது), ஃபீலிக்ஸ், கார்ட்னர், டோரி போவி. நேரம் 41.01, தங்கம். ஜமைக்கா 41.36-இல் இரண்டாவது.

இங்கே இன்னொரு விதியையும் சொல்லிவிடலாம். தகுதிச் சுற்றில் கடைசியாக ஓடியவர் போவி இல்லை, மொரோலாகே அகினோசன். இறுதியில் அவர் ஓடவில்லை. ஆனாலும் தங்கப் பதக்கம் அவருக்கும் உண்டு. ரிலேயில் ஒரு நாடு நான்கு பேருக்கு மேல் கொண்ட குழுவைப் பதிவு செய்யலாம், சுற்றுக்குச் சுற்று ஆள் மாற்றலாம், எந்தச் சுற்றில் ஓடியிருந்தாலும் பதக்கம் உண்டு. இது நியாயம் என்றே நினைக்கிறேன். அந்தத் தனி ஓட்டத்தில் அகினோசன் பேட்டனைத் தவறவிட்டிருந்தால் இறுதிப்போட்டியே இருந்திருக்காதே.

டோரி போவியைப் பற்றிப் பேசாமல் இந்த அணியைக் கடக்க முடியவில்லை. 2023-இல், எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, 32 வயதில் அவர் இறந்துபோனார். ஃபீலிக்ஸுக்கும் 2018-இல் கர்ப்பகால ரத்த அழுத்தம் கடுமையாகி, 32 வாரத்தில் அவசரமாக அறுவை செய்து மகள் கேம்ரினை எடுத்தார்கள். பார்ட்டோலெட்டாவுக்கும் குறைமாதப் பிரசவம், உயிருக்கே ஆபத்தான நிலை. ரியோவில் தங்கம் வாங்கிய நால்வரில் மூவர் இப்படி. உலகத்திலேயே உடல் தகுதி மிகுந்த பெண்கள் என்று நாம் கைதட்டியவர்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் பிரசவம் எவ்வளவு ஆபத்தாக இருக்கிறது என்று ஃபீலிக்ஸ் வெளிப்படையாகத் தொடர்ந்து பேசிவருவதற்குப் பின்னால் இது இருக்கிறது.

சரி, 4x400-க்கு வருவோம். பெயர்தான் ரிலே, ஆனால் கிட்டத்தட்ட வேறு விளையாட்டு. இங்கே வாங்குகிறவர் திரும்பிப் பார்த்தே வாங்குகிறார், ஏனென்றால் 400 மீட்டர் ஓடி வருகிறவர் கால் கல்லாகி, தள்ளாடி வருவார். அவர் எந்த வேகத்தில் வந்து சேர்வார் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது. முதல் சுற்று முழுக்க அவரவர் லேனில். இரண்டாவது ஆள் முதல் வளைவு வரை தன் லேனில் ஓடி, அதன்பின் எல்லோரும் உள்பக்கம் வந்து சேரலாம். அதற்குப் பிறகு தள்ளுமுள்ளுதான். யாரை முந்துவது, எப்போது முந்துவது, யார் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுவது என்று ஓடும்போதே யோசிக்க வேண்டும். 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோ, 2021-இல் நடந்த டோக்கியோ என்று தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தில் ஃபீலிக்ஸுக்குத் தங்கம். பெரும்பாலும் இரண்டாவது ஆளாக, ரியோவில் மட்டும் கடைசி ஆளாக.

அவருடைய மிகச் சிறந்த 4x400 ஓட்டம் எது என்றால் நான் சொல்வது ஒரு தோல்வியை. 2015 பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப். மூன்று நாள் முன்புதான் 400 மீட்டரில் 49.26 விநாடியில் தங்கம் வாங்கியிருந்தார். ரிலேயில் மூன்றாவது ஆளாகப் பின்தங்கிய நிலையில் பேட்டனை வாங்கி, ஒரு சுற்றில் முன்னிலைக்கே கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சுற்றுக்கு அவர் எடுத்த நேரம் 47.72. ஓடிக்கொண்டே வாங்குவதால் சற்று லாபம் உண்டு, அதனால் ரிலேயில் ஒரு சுற்றுக்கு எடுத்த நேரத்தைத் தனி ஓட்டத்தின் நேரத்தோடு நேராக ஒப்பிடக் கூடாது. அந்த லாபத்தைக் கழித்தாலும் 49.26-க்கும் 47.72-க்கும் இடையில் மிச்சம் இருப்பது பெரியது. ஆனால் கடைசிச் சுற்றில், எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால், ஜமைக்காவின் நோவ்லீன் வில்லியம்ஸ் மில்ஸ் முந்திவிட்டார். அமெரிக்காவுக்கு வெள்ளி. ரிலேயில் இப்படியும் நடக்கும். உங்கள் பங்கை வாழ்நாளில் இல்லாத அளவு நன்றாகச் செய்துவிட்டு, மைதான ஓரத்தில் நின்று மற்றவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேம்ரின் பிறந்து பத்து மாதத்தில் 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப். அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் 400 மீட்டரில் ஆறாவதாக வந்ததால் தனி ஓட்டத்தில் இடம் இல்லை, ரிலே குழுவில் மட்டும் இடம். அங்கே கலப்பு 4x400 முதல்முறையாக நடந்தது. அப்போது ஆண், பெண் எந்த வரிசையிலும் ஓடலாம். போலந்து முதல் இரண்டு இடத்திலும் ஆண்களை நிறுத்தி வெகுதூரம் முன்னே போனது. கடைசியில் ஓடிய போலந்துப் பெண்ணைப் பின்னாலிருந்து வந்த ஆண்கள் விழுங்கிக்கொண்டு போனார்கள். அமெரிக்கா ஆண், பெண், பெண், ஆண் என்று நிறுத்தியது; ஃபீலிக்ஸ் இரண்டாவது. 3 நிமிடம் 9.34 விநாடி, உலக சாதனை. உலக சாம்பியன்ஷிப்பில் அது அவருக்கு 12-வது தங்கம், உசைன் போல்ட்டின் 11-ஐத் தாண்டினார். இப்போது கலப்பு ரிலேயில் ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசையை விதியே முடிவுசெய்துவிட்டது. எனக்கு என்னவோ பழைய சுதந்திரம்தான் பிடித்திருந்தது, யூகிக்க இடம் இருந்தது.

டோக்கியோ 4x400 அணியைப் பாருங்கள்: சிட்னி மெக்லாஃப்லின், ஃபீலிக்ஸ், டலைலா முகமது, அத்திங் மு. முதலாமவரும் மூன்றாமவரும் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் அதே டோக்கியோவில் தங்கமும் வெள்ளியும் வாங்கியவர்கள். மு 800 மீட்டர் தங்கம். சாதாரண 400 மீட்டரில் ஓடிப் பதக்கம் வாங்கியவர் ஃபீலிக்ஸ் ஒருவர்தான், வெண்கலம். தனித்தனி ஓட்டங்களில் திறமை காட்டிய நால்வரை ஒரே பேட்டன் சேர்த்தது. 3 நிமிடம் 16.85 விநாடி, இரண்டாவது வந்த போலந்தைவிட மூன்றரை விநாடிக்கு மேல் முன்னால். 35 வயதில் அது ஃபீலிக்ஸின் 11-வது ஒலிம்பிக் பதக்கம். கார்ல் லூயிஸின் பத்தைத் தாண்டி, தடகளத்தில் அமெரிக்கர் எவரும் வாங்காத எண்ணிக்கை.

ஓய்வு பெறுவதாக அறிவித்து 2022-இல் யூஜீன் உலக சாம்பியன்ஷிப்புக்கு வந்தார். கலப்பு ரிலேயில் வெண்கலம், அதோடு முடிந்தது என்று லாஸ் ஏஞ்சலஸுக்கு வீடு திரும்பிவிட்டார். காரமான சிக்கன் விங்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது: பெண்கள் 4x400 தகுதிச் சுற்றுக்கு ஆள் வேண்டும், வர முடியுமா? திரும்பி வந்து ஓடினார், அணி தேறியது. மறுநாள் இறுதிப்போட்டியில் டலிதா டிக்ஸ், ஆபி ஸ்டைனர், பிரிட்டன் வில்சன், சிட்னி மெக்லாஃப்லின் ஆகியோர் ஓடி ஜெயித்தார்கள். 14-வது தங்கம் ஃபீலிக்ஸுக்கு அப்படித்தான் வந்தது, பேட்டன் வேறு நான்கு பேர் கையில் இருந்தபோது.